பேசாத பூட்டு

மார்லீஸ் காலாமைப் பொறுத்தவரை பேசுவது கெட்ட குணம். மனிதர்கள் பேசலாம், பூட்டுகள் பேசக் கூடாது. கைக்கடிகாரத்தின் உலோகச் செயினைக் கையில் மாட்டி அதன் பூட்டை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். அதோடு சரி. அந்த 'டக்'குக்கு முன்னால் மெல்லிசாக ஒரு 'கீச்' இழுத்தால், "இது பேசுது" என்று சொல்லி மறுபடியும் தட்டில் வைத்துவிடுவாள். இருபத்தாறு வருஷமாக அவள் சொல்லிச் சொல்லி, எங்கள் பட்டறையில் எல்லோர் வாயிலும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது.

நான் ஆர்லெத். அதே பட்டறையில் கடைசி மேசை என்னுடையது. பழுது பார்த்து, கழுவி, துடைத்து வரும் ஒவ்வொரு கடிகாரத்தையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது பெட்டிக்குள் போகும். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவள் என்பதால் வெளியிலும் என் வாய் சும்மா இருக்காது. சுவிட்சர்லாந்து மலையில் இருக்கும் எங்கள் லெ லோக்ல் ஊரில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் பேசவேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தவள் நான்தான்.

எங்களிடம் வருவதெல்லாம் விலை உயர்ந்த கடிகாரங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை சொந்தக்காரர்கள் அனுப்பிவைப்பார்கள். வந்ததும் இரண்டாகப் பிரித்துவிடுவோம். உள்ளே இருக்கும் எந்திரம் ஜன்னலோர மேசைகளில் உட்கார்ந்திருக்கும் கடிகாரக்காரர்களுக்கு. செயின் மார்லீஸுக்கு. கடிகாரக்காரர்கள் நாலு வருஷம் பள்ளியில் படித்தவர்கள். மார்லீஸ் பிஸ்கட் கம்பெனியில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவள். அதனால் ஜன்னலோரத்துக்கு எப்போதும் கொஞ்சம் மிதப்பு உண்டு. அதில் க்ளோத்-அலான் முதல் ஆள். பல்சக்கரங்களின் துளையில் அழுக்கெடுக்கக் கூர்மையான மரக்குச்சிகள் வைத்திருப்பார்கள், அதில் ஒன்றை எந்நேரமும் வாயில் கடித்துக்கொண்டே இருப்பான். அதைக் கடித்தபடியே மார்லீஸைப் "பாத்திரம் தேய்க்கிற அம்மா" என்று கூப்பிடுவான்.

அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பதில் மட்டும் தயாராக இருக்கும்.

"உன் எந்திரத்த அதோட சொந்தக்காரன் ஒரு தடவயாவது கண்ணால பாத்திருக்கானா? என் பூட்ட தினம் ரெண்டு தடவ தொடுறான். காலைல ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு. பொண்டாட்டியக்கூட அத்தன தடவ தொட மாட்டான்."

அவள் வேலை பார்ப்பதை நான் பல வருஷம் பக்கவாட்டில் பார்த்திருக்கிறேன். செயினை அதிர்வுத் தொட்டியில் இறக்குவாள். வியர்வை, சோப்பு, தோல் எல்லாம் சாம்பல் நிறப் புகையாகக் கிளம்பித் தண்ணீரில் கரையும். அலசி, வெதுவெதுப்பான காற்றில் காயவைப்பாள். இதுவரை யாரும் செய்துவிடலாம். ஆனால் கழுவும்போது அழுக்கோடு சேர்ந்து பூட்டுக்குள் இருந்த பழைய கிரீஸும் போய்விடும். பளபளவென்று இருக்கும், ஆனால் உள்ளே வறண்டு கிடக்கும். அந்த வறட்சியில் உலோகம் உலோகத்தோடு உரசித்தான் கீச்சிடுகிறது.

ஆகவே ஊசி முனையில் கடுகில் பாதி கிரீஸ் எடுப்பாள். கீலுக்கு ஒரு தொடல், பூட்டைப் பிடித்து நிறுத்தும் சின்னக் குண்டுக்கு ஒரு தொடல். பிறகு இடது காதருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை திறந்து மூடுவாள். பேசவில்லை என்றால் அடுத்த சோதனை. அவள் மேசை ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை குண்டூசியால் குத்தி வைக்கப்பட்டிருக்கும். அவள் கணவன் ரெமி கல்யாணத்துக்குப் போட்ட சட்டையிலிருந்து வெட்டியது. பூட்டை அதன் மணிக்கட்டுப் பட்டியில் நாலு இழுப்பு இழுப்பாள். சாம்பல் கோடு விழுந்தால் கிரீஸ் அதிகம் என்று அர்த்தம். அதிகமானால் வாடிக்கையாளரின் சட்டை கறைபடும், தூசி ஒட்டிக் குழம்பாகி உலோகத்தைத் தின்னும். குறைந்தால் பேசும். அதிகத்துக்குச் சட்டைக் கை, குறைவுக்குக் காது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

பட்டறைக்கு வெளியே அவள் வாழ்க்கை சாதாரணமானது. ஊருக்கு மேலே மூன்றாம் மாடியில் வீடு. ரெமி நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்த எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, கோடையில் உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் எடுத்து நீட்டுவார்கள். பிள்ளைகள் இல்லை. வருத்தப்பட்டார்களா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. செப்டம்பரில் மேய்ச்சல் நிலத்தில் நெருப்பு மூட்டி, தணலில் தொத்திறைச்சி சுட்டுச் சாப்பிடும் நாளில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே மது குடித்துவிட்டு, ரெமியின் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிரீஸ் மாறியது. பழையது மஞ்சளாக இருக்கும், புதியது தண்ணீர்போல் நிறமற்றது. எல்லோரும் முணுமுணுத்தார்கள், மார்லீஸ் மட்டும் ஒரே மாதத்தில் அதன் ரசிகை ஆகிவிட்டாள். காபி இடைவேளையில் அதைப் பற்றியே பேச்சு. இது வந்ததிலிருந்து ஒரு பூட்டுகூடப் பேசுவதில்லையாம். கடுகில் பாதி எடுத்தவள் பாதியில் பாதியாகக் குறைத்தாள். அப்புறம் அதிலும் பாதி. எங்கள் மேலாளர் முசியே பெர்னூவுக்கு ஒரே பெருமை. அவளைக் கொண்டே ஒரு குறிப்பு எழுதவைத்துச் சுவரில் ஒட்டினார்: 'புதிய கிரீஸ்: முன்பு எடுத்ததில் கால் பங்கு போதும். எம். காலாம்.'

அந்தச் சமயத்தில் அவள் வேறு சிலவும் சொன்னாள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்கள் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை என்றாள். தேவாலயப் பாட்டுக்குழுவில் புதிதாக வந்தவர் சொல்வதெல்லாம் தாடிக்குள்ளேயே போய்விடுகிறது என்று அதிலிருந்து விலகினாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் குருவிகள் குறைந்துவிட்டன என்று வருத்தப்பட்டாள். இவ்வளவையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆளுக்கொரு மூலையில் கிடந்த இந்தப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்க எனக்கு மூளை இல்லாமல் போனது.

சேர்த்து வைத்தது ஒரு பூட்டுதான். கிரீஸ் மாறிய அந்த வருஷம் நவம்பரில் ஒரு நாள் அவளிடமிருந்து வந்த தங்கச் செயினை என் மேசையில் மூடினேன். எலிக்குஞ்சு மிதிபட்டது போல் கீச்சிட்டது. ஒருவேளை தவறுதலாக விட்டிருப்பாள் என்று நினைத்து, என் இழுப்பறையில் இருந்த கிரீஸை ஒரு பொட்டு வைத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் இரண்டு வந்தன. அடுத்த வாரம் தினமும் நாலைந்து. அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "மார்லீஸ், உன் பை கீழ விழுந்து கிடக்கு" என்றேன். திரும்பவில்லை. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். நாலு பேரை நாக்காலேயே தோலுரிக்கிற எனக்கு, 'உனக்குக் காது கேட்கலை' என்கிற மூன்று வார்த்தை வரவில்லை. சுவரில் அவள் பெயர் போட்ட குறிப்பு வேறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பூட்டுக்கு அரை நிமிஷம்தானே என்று நினைத்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக, அவள் அனுப்பிய வறண்ட பூட்டுகளை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

பிப்ரவரியில் ரயில் நிலையத்துப் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். எட்டு வாரம் வீட்டில் கிடந்தேன். என் மேசைக்குத் தற்காலிகமாக ஒருவரைப் போட்டார்கள். நல்ல மனிதர்தான். பட்டியலில் என்ன எழுதியிருந்ததோ அதைப் பார்த்து டிக் போடுவார். பட்டியலில் 'பூட்டு மூடுகிறதா?' என்று இருந்தது. மூடியது, டிக் போட்டார். பேசுகிறதா என்று அதில் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம், அதற்குத்தான் மார்லீஸ் இருக்கிறாளே.

நான் திரும்பி வந்த ஏப்ரல் வாரத்தில் ஆறு கடிகாரங்கள் திரும்பி வந்திருந்தன. ஆறிலும் பூட்டுதான் புகார். பெர்ன் நகரத்து நோட்டரி ஒருவர் மரியாதையாக ஒரு பக்கம் எழுதியிருந்தார். உயில் வாசிக்கும்போது கடிகாரச் செயினின் பூட்டைத் திறந்து மூடுவது அவருக்குப் பழக்கமாம். இப்போது ஒவ்வொரு தடவையும் வாரிசுகள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்களாம், தன் வாசிப்பில் ஏதோ உள்குத்து இருப்பதாக நினைத்து.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை முசியே பெர்னூ ஆறையும் வெல்வெட் தட்டில் வைத்து, காபி மேசைக்குக் கொண்டுவந்தார். எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வெளியே போன கடிகாரம் குறையோடு திரும்பினால், யார் கையால் குறை வந்ததோ அவர் மறுநாள் ஒன்பது மணி காபிக்கு எல்லோருக்கும் பிறை ரொட்டி வாங்கிவர வேண்டும். பையை மேசையில் வைத்து, தப்பு என்ன என்று ஒரு வரி சொல்ல வேண்டும். ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டால் விஷயம் முடிந்தது, அதன் பிறகு யாரும் அதைக் கிளறக் கூடாது. க்ளோத்-அலான் வருஷத்துக்கு மூன்று தடவை வாங்கிவருவான். மார்லீஸ் இருபத்தாறு வருஷத்தில் இரண்டே தடவை.

அவள் தட்டிலிருந்து நோட்டரியின் கடிகாரத்தை எடுத்தாள். இடது காதருகில் வைத்தாள், கண்ணை மூடினாள், திறந்து மூடினாள். அந்தக் கீச்சு ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"பேசலையே," என்றாள்.

அவள் மறுபடியும் மூடினாள், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு. க்ளோத்-அலான் வாய்க் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு தன் செருப்பைப் பார்த்தான். அவன் கேலி செய்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

"ஆர்லெத், பேசுதா?"

"பேசுது," என்றேன்.

கடிகாரத்தை மெதுவாகத் தட்டில் வைத்தாள். முசியே பெர்னூ கெட்டவர் இல்லை. தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, உரக்கவும் நிதானமாகவும் பேசியிருக்கிறார். மே மாதத்திலிருந்து பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போய்விடலாம், அதே சம்பளம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றாராம். திங்கட்கிழமை முடிவு செய்வோம் என்றாராம்.

அன்று மாலை உடை மாற்றும் அறையில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டினாள். காது கொஞ்சம் மந்தமாகியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன் என்றாள். ஆனால் அது ஒன்றும் பிப்ரவரியில் திடீரென்று போகவில்லையே. போன வருஷமும் இதே காதுதான், இதே கிரீஸ்தான், ஒரு கடிகாரமாவது திரும்பி வந்ததா? அப்படியென்றால் கோளாறு எங்கே? அந்தத் தற்காலிக ஆள் துடைக்கிறேன் பேர்வழி என்று பூட்டிலிருந்த கிரீஸை எல்லாம் துடைத்துத் தள்ளியிருக்கிறான். திங்கட்கிழமை முசியே பெர்னூவிடம் அதைச் சொல்லப் போகிறேன் என்றாள். அவள் கண்ணில் ஒரு தெம்பு வந்திருந்தது. அந்தத் தெம்பைக் கொடுத்தது என் பொய் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மனிதர் இப்போது வேறொரு பட்டறையில் வேலை தேடிக்கொண்டிருந்தார் என்பதும் தெரியாது.

திங்கட்கிழமை காலை ரொட்டிக் கடை திறந்ததும் போய் இருபது பிறை ரொட்டி வாங்கினேன். ஒன்பது மணிக்குப் பையை மேசையில் வைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அன்று பை வைக்க வேண்டியவள் மார்லீஸ் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

"மார்லீஸோட பூட்டெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல பேசிட்டுதான் வந்துச்சு," என்று உரக்கச் சொன்னேன். "நான்தான் அவகிட்ட சொல்லாம என் மேசைல கிரீஸ் வெச்சு அனுப்பினேன். அந்த ஆள் மேல ஒரு தப்பும் இல்ல."

மார்லீஸ் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன?" என்றாள்.

"எண்ணல."

"எத்தன, ஆர்லெத்?"

"தினம் நாலு. அஞ்சு."

அவள் ஒரு ரொட்டியை எடுத்தாள். கடிக்கவில்லை. காகித நாப்கினில் சுற்றி, நடந்துபோய் என் மேசையில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். எங்கள் பட்டறையில் இப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். பத்து நிமிஷம் கழித்து அவள் எழுந்து, முசியே பெர்னூவின் அறைக்குப் போனாள், தற்காலிக ஆளைப் பற்றிச் சொல்ல இல்லை. அவகாசம் கேட்கப் போனாள்.

அவர் கொடுத்தார். ஜூலையில் கடிகாரத் தொழில் விடுமுறைக்கு ஊரே மூன்று வாரம் மூடிக்கொள்ளும்வரை. அதற்குள் ஒரு கடிகாரம்கூடப் பூட்டுக்காகத் திரும்பி வரக் கூடாது, வந்தால் ஆகஸ்டில் பொட்டலப் பிரிவு. வெளியே வரும்போது என் மேசை அருகில் நின்றாள்.

"இனிமே என் பூட்ட நீ தொடாத. பேசினா என்கிட்ட கொண்டு வா."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. காலையில் எல்லோருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுத்து வணக்கம் சொல்லிக்கொண்டு வருவாள், என் முறை வரும்போது செயின் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். வேண்டியதுதான் என்று நானும் இருந்தேன். அந்த ரொட்டி என் இழுப்பறையில் காய்ந்து கட்டையாகிவிட்டது, தூக்கிப்போட மனம் வரவில்லை.

பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனில் காது டாக்டரைப் பார்த்து இரண்டு காதுக்கும் கருவி வாங்கிக்கொண்டாள். இதெல்லாம் க்ளோத்-அலான் வழியாக எனக்கு வந்த செய்தி. முதல் நாள் வீட்டுக்குப் போனதும் ரெமி "சூப் ஆச்சா?" என்று கேட்டிருக்கிறான். முப்பது வருஷமாக எதற்கு இப்படிக் கத்துகிறாய் என்று அவனைக் கேட்டாளாம். பாவம், அவன் அதற்குப் பிறகு ஒரு வாரம் கிசுகிசுத்துக்கொண்டே திரிந்தான். காட்டில் குருவிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன என்றாளாம். ஆக எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

சரியாகவில்லை. நோட்டரியின் கடிகாரத்துக்குப் புதுப் பூட்டு போட்டு அனுப்பிவிட்டு, பழையதை வறண்டபடியே சோதனைக்கு வைத்திருந்தாள், அதைக் காதருகில் மூடினாள். 'டக்' கேட்டது, காகிதம் புரளுவது கேட்டது, அடுத்த அறையில் யாரோ மூக்குறிஞ்சுவது கேட்டது. கீச்சு மட்டும் கேட்கவில்லை. கருவி கொடுத்தவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். கருவிகள் சில நேரம் தாமாகவே கீச்சென்று கத்துமாம், அதை அடக்க உள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். பூட்டின் கீச்சையும் தன் சொந்தக் கீச்சு என்று நினைத்து அது அமுக்கிவிடுகிறது. உலகத்தில் இருக்கிற சத்தத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, அவளுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி என் நாக்கு நுனி வரை வந்தது, சத்தியமாக விழுங்கிவிட்டேன்.

மே மாதம் அப்படியே போனது. அவள் ஒவ்வொரு பூட்டுக்கும் பழையபடி கடுகில் பாதி கிரீஸ் வைத்தாள். சட்டைக் கையில் சாம்பல் கோடு விழுந்தது, துடைத்தாள், துடைத்தது அதிகமோ என்று மறுபடி வைத்தாள். முன்பு மணிக்குப் பதினைந்து பூட்டு செய்தவள் ஆறு செய்தாள். கால் பங்கு போதும் என்ற குறிப்பைச் சுவரிலிருந்து அவளே கிழித்துப் போட்டாள். நான் தினம் ஒன்றிரண்டைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்து, "பேசுது" என்று சொல்லிவிட்டு வருவேன். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். முசியே பெர்னூ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூன் முதல் வாரம். ஒன்பது மணி காபிக்கு யாருக்கோ பிறந்தநாள் என்று வீட்டில் சுட்ட வறட்டு ரொட்டி கொண்டுவந்திருந்தார்கள். மார்லீஸ் காதுக் கருவிகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கடித்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். இன்னொரு தடவை கடித்தாள். பிறகு எழுந்து, எதிரே இருந்த க்ளோத்-அலானிடம் கை நீட்டினாள்.

"அந்தக் குச்சில ஒண்ணு குடு."

"என்னத்துக்கு? எச்சில் பண்ணினதுதான் இருக்கு."

"புதுசு குடு, கஞ்சப்பயலே."

அவன் மேசைக்குப் போய் ஒரு கத்தையே எடுத்து வந்தான். அவள் ஒன்றைப் பற்களுக்கு நடுவில் இறுக்கிக் கடித்தாள். தன் மேசையிலிருந்த நோட்டரியின் பழைய பூட்டை எடுத்துவந்து, மறுமுனையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். திறந்து மூடினாள். நாங்கள் எல்லோரும் அந்தக் கீச்சைக் கேட்டோம். அவள் மறுபடி மூடினாள். பிறகு குச்சியை வாயிலிருந்து எடுத்தாள்.

"பேசுது," என்றாள் மார்லீஸ்.

காதால் கேட்கவில்லை, அந்த வறட்டு ரொட்டியின் மொறுமொறுப்பைப் போலவே பல்லில் கேட்டிருக்கிறது. பூட்டு உரசும்போது வரும் அதிர்வு குச்சி வழியாக ஏறி எலும்பில் குறுகுறுத்திருக்கிறது. வேறெங்காவது இது நடந்திருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் க்ளோத்-அலான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க குச்சி இல்லாம உங்களுக்குப் பாத்திரம்கூடத் தேய்க்க வராது, மதாம்," என்றான். அவள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் மேசையில் சட்டைக் கைக்குப் பக்கத்தில் ஒரு கத்தைக் குச்சி இருந்தது. மணிக்கு ஆறு பத்தாகி, பத்து பதினைந்தாகியது. ஜூன் கடைசி இரண்டு வாரம் நான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பூட்டும் வரவில்லை. வெளியே போனவையும் திரும்பி வரவில்லை. எனக்குச் சந்தோஷம்தான், அதே சமயம் அவள் மேசைக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் போனது.

விடுமுறைக்கு மூன்று நாள் முன்னால், கொதிக்கிற வெயிலில், எல்லோரும் மேசையைக் காலி செய்யும் அவசரத்தில் இருந்தார்கள். முசியே பெர்னூ அறைக்குள் வராமல் எங்கள் நடுவிலேயே நின்று அனுப்ப வேண்டியவற்றைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பூட்டை மூடினேன். மெல்லிசாக, ஆனால் தெளிவாக, கீச்சிட்டது.

கிரீஸ் என் இழுப்பறையில்தான் இருந்தது. ஒரு பொட்டு வைத்தால் அரை நிமிஷத்தில் பெட்டிக்குள் போய்விடும். இன்னும் மூன்றே நாள். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டு வந்தவள், மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைக் காட்டிக் கொடுத்தால் பொட்டலப் பிரிவுக்கு நானே வழி அனுப்பியதாகும். என் கை இழுப்பறைக் கைப்பிடி வரை போய்விட்டது, இங்கே மறைப்பானேன். பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எழுந்து, எல்லோருக்கும் நடுவில் நடந்து, அவள் மேசையில் கடிகாரத்தை வைத்தேன்.

"பேசுது," என்றேன்.

முசியே பெர்னூ எண்ணுவதை நிறுத்தினார். மார்லீஸ் குச்சியைக் கடித்து, பூட்டில் வைத்து, மூடினாள். தலையாட்டினாள். தண்ணீர் குடிக்கக் குச்சியை எடுத்தவள் அடுத்த பூட்டுக்கு அதை மறுபடி வாயில் வைக்க மறந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு பொட்டு கிரீஸ் வைத்து, பத்து தடவை மூடி, சட்டைக் கையில் இழுத்து, என் கையில் திருப்பிக் கொடுத்தாள். முசியே பெர்னூ எங்கள் இருவரையும் பார்த்தார். கொண்டுபோனவளையும் வாங்கியவளையும் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். ஆகஸ்டில் பொட்டலப் பிரிவு என்ற பேச்சு அதன் பிறகு வரவே இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு காபி மேசையில் ரொட்டிக் கடைப் பை இருந்தது. பக்கத்தில் மார்லீஸ் நின்றாள்.

க்ளோத்-அலான் சட்டம் பேசினான். கடிகாரம் வெளியே போகவே இல்லை, உள்ளேயே பிடித்தாகிவிட்டது, இதற்கெல்லாம் ரொட்டி கிடையாது, சட்டத்தை நீங்களாக மாற்றக் கூடாது என்றான்.

"தெரியும்," என்றாள் மார்லீஸ். "ரெண்டு வருஷத்துல நான் பண்ணின தப்புல, முசியே பெர்னூ நடுவுல நிக்கறப்பவும் மறைக்காம, எல்லார் முன்னாலயும் என் கைக்கே திரும்பி வந்தது இது ஒண்ணுதான். எனக்கு வாங்கணும்னு இருந்துச்சு."

பைக்குள் கை விட்டு ஒன்றை எடுத்தாள். மேசையைச் சுற்றி வந்து என் முன்னால் நீட்டினாள். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

"இது என் தப்பு," என்றாள். "சாப்பிடு."

சாப்பிட்டேன்.